3800 என்று போட்ட பேட்டரி ஆறு மாதத்தில் படுத்துவிட்டது: குறை பேட்டரியிலா, சார்ஜரிலா?

ஈசூன்காரன் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இரத்த அழுத்தம். பலதுறை மருந்தகத்தில் காலையும் இரவும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அளக்கும் கருவிக்கு நாலு டபுள் ஏ பேட்டரி. அது போக, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், டிவி ரிமோட், ஏர்கான் ரிமோட், அடுப்படியில் அப்பா ஒலி 96.8 கேட்கிற சின்ன ரேடியோ என்று வீடு முழுக்க பேட்டரிதான். மாதத்துக்கு இரண்டு பாக்கெட் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று, ஆறு மாதத்துக்கு முன் இணையத்தில் ரீசார்ஜ் பேட்டரி எட்டு வாங்கினேன். 3800 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கொள்ளளவு) என்று போட்டிருந்தது. சார்ஜர் இலவசம்.

முதல் இரண்டு மாதம் ஓடியது. இப்போது இரவு முழுக்க சார்ஜ் போட்டாலும் மறுநாளே காலி. நேற்று அம்மா கையில் பட்டையைக் கட்டி பொத்தானை அழுத்தினார். பட்டை பாதி இறுகியதும் திரை அணைந்துவிட்டது. மூன்று முறை முயன்றுவிட்டு, "இன்னிக்கு வேணாம் விடுப்பா" என்று எடுத்து வைத்துவிட்டார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. எந்த பேட்டரி வாங்கலாம், யாராவது சொல்லுங்கள்.

ஜூரோங்_அப்பா | சனி, இரவு 10:05

யோசிக்கவே வேண்டாம், ஐக்கியாவில் லாடா என்ற ரீசார்ஜ் பேட்டரி வாங்குங்கள். அலெக்சாண்டிராவிலும் தெம்பனிசிலும் கிடைக்கும், எனக்கு ஜூரோங் கடை பக்கம். 2450 எம்ஏஎச். மூன்று வருடமாகப் பிள்ளையின் ரயில் வண்டியில் போட்டு அடிக்கிறோம், ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் சாதாரண அல்கலைன் பேட்டரி விற்பதையே ஐக்கியா 2021-இல் நிறுத்திவிட்டது, தெரியுமா?

பற்றாசு | சனி, இரவு 10:50

தம்பி, புதிது வாங்கும் முன் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

சார்ஜரில் எத்தனை விளக்கு இருக்கிறது? ஒரு பேட்டரிக்கு ஒன்றா, மொத்தத்துக்கும் ஒன்றா? ஒரே ஒரு பேட்டரியை மட்டும் வைத்தால் சார்ஜ் ஏறுகிறதா, இல்லை இரண்டிரண்டாகத்தான் வைக்க வேண்டுமா? காலையில் எடுக்கும்போது பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது?

கடைசியாக, வீட்டில் மாவு நிறுக்கிற தராசு இருந்தால் அதில் ஒரு பேட்டரியை வைத்து எடை சொல்லுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பாதி விடை அதில்தான்.

ஈசூன்காரன் | ஞாயிறு, காலை 8:15

அண்ணே, பார்த்துவிட்டேன்.

விளக்கு ஒன்றே ஒன்று. சொருகினால் சிவப்பு, பிடுங்கும்வரை சிவப்புதான். இரண்டிரண்டாக வைத்தால்தான் ஏறுகிறது. காலையில் கையில் பிடித்தால் சுடும், கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் எடுப்போம். எடை 18 கிராம். பக்கத்தில் இருந்த சாதாரண அல்கலைன் 23 கிராம்.

பற்றாசு | ஞாயிறு, காலை 10:30

நினைத்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எடை. நீங்கள் வாங்கிய மாதிரி ரீசார்ஜ் பேட்டரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று பெயர், சுருக்கமாக நிக்கல். டபுள் ஏ அளவில் 2000 எம்ஏஎச் கொடுக்கும் நல்லது 26 கிராம் அளவுக்கு இருக்கும். கொள்ளளவு கூடியது 30 கிராம் வரை போகும். மின்சாரத்தைப் பிடித்து வைப்பது உள்ளே சுருட்டி வைத்திருக்கும் உலோகத் தகடும் பசையும்தான். அது குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் கொள்ளளவும் குறையும். 18 கிராமில் 3800 வரவே வராது. இந்த அளவு உருளைக்குள் இன்றைக்கு உலகத்தில் யாராலும் அடைக்க முடிவது 2500, மிஞ்சிப்போனால் 2700. அதற்கு மேல் எழுதியிருந்தால் அது மேலே ஒட்டிய தாளில் மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் தம்பி, நல்ல பேட்டரியை வாங்கி அதே சார்ஜரில் போட்டிருந்தாலும் ஒரு வருடத்தில் கொன்றிருப்பீர்கள். எல்லாரும் பேட்டரியைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், சார்ஜர் இலவசமாக வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இருபது வருடமாக இதைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காசைச் சார்ஜரில் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். நிக்கல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற ஏற அதன் மின்னழுத்தம் மெல்ல ஏறும். நிறைந்ததும் ஒரு உச்சம் தொட்டு, துளியூண்டு கீழே இறங்கும். ஐந்து, பத்து மில்லிவோல்ட்தான். நல்ல சார்ஜர் அந்தச் சரிவுக்காகக் காத்திருந்து, கண்டதும் நிறுத்திவிடும். உங்களுடையது எதையும் கவனிக்காது, பிடுங்கும்வரை திணித்துக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் மேலும் போகிற மின்சாரம் எல்லாம் சூடாகத்தான் மாறும். காலையில் உங்கள் கையைச் சுட்டது அதுதான். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற ஈரம் வற்றி, பேட்டரி கிழடாகிறது.

இரண்டிரண்டாக ஏற்றுவது இன்னொரு கேடு. இரண்டும் ஒரே வரிசையில் மாட்டியிருக்கும். ஒன்று பாதி காலி, ஒன்று முழுக் காலி என்று வைத்தால், முதலாவது நிறைந்து வெந்துகொண்டிருக்கும், இரண்டாவது இன்னும் பசியோடு இருக்கும். பிறகு நாலையும் கருவியில் சேர்த்துப் போடும்போது, அந்தப் பசியோடிருந்தது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும், அது தலைகீழாகச் சார்ஜ் ஆகும். ஒரு தடவை அப்படி ஆனாலே அதற்கு அடி பலம்.

ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி விளக்கோ தனி எண்ணோ இருக்கிற சார்ஜர் வாங்குங்கள். டபுள் ஏவுக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர், டிரிபிள் ஏவுக்கு அதில் பாதி போதும். 500-இல் போட்டால் 2000 எம்ஏஎச் பேட்டரி ஐந்து மணி நேரத்தில் நிறையும். மெதுவாக ஏற்றினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். மிக மெதுவாக ஏற்றினால் நான் சொன்ன அந்தச் சரிவே தெரியாது, அறிவுள்ள சார்ஜரும் ஏமாந்துபோகும்.

ஜூரோங்_அப்பா | ஞாயிறு, காலை 11:10

அண்ணே, முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று என் அப்பா சொல்வார். அது சரியா?

பற்றாசு | ஞாயிறு, காலை 11:25

அவர் காலத்து நிக்கல் காட்மியத்துக்கு அது சரி. அதற்கு ஞாபகக் கோளாறு உண்டு, பாதியிலேயே ஏற்றி ஏற்றிப் பழக்கினால் அந்தப் பாதிதான் தன் அளவு என்று நின்றுவிடும். இப்போதைய பேட்டரிக்குத் தேவையில்லை, ஒட்டக் காலி செய்வதுதான் கெடுதல். சாமான் மந்தமானதும் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

காற்றாடி | ஞாயிறு, மதியம் 1:40

நிக்கலே எதற்கு? 1.2 வோல்ட் கொடுக்கும் பேட்டரியை 1.5 வோல்ட் கேட்கும் கருவியில் போட்டால் திணறத்தான் செய்யும். நாலு சேர்த்தால் 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8 தானே. இப்போது லித்தியத்தில் டபுள் ஏ வருகிறது, கடைசிவரை 1.5 வோல்ட் குறையாது. யுஎஸ்பி கம்பியை நேராகப் பேட்டரியிலேயே சொருகலாம், சார்ஜரே வேண்டாம். நான் முழுக்க அதற்கு மாறிவிட்டேன்.

பற்றாசு | ஞாயிறு, மதியம் 2:30

காற்றாடி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1.5 என்பது அல்கலைன் புதிதாக இருக்கும்போது மட்டும். ஓடத் தொடங்கியதும் இறங்கிக்கொண்டே வந்து, பாதி ஆயுளிலேயே 1.2-க்கு வந்துவிடும். நல்ல கருவி 1 வோல்ட் வரைக்கும் ஓடும்படிதான் செய்திருப்பார்கள். நிக்கல் 1.2-இலேயே நின்று நிதானமாகக் கொடுக்கும். அதுவும் மோட்டார், பளிச் விளக்கு என்று ஒரே மூச்சில் நிறைய இழுக்கும் சாமானில் அல்கலைன் தளர்ந்துவிடும், நிக்கல் தாங்கும்.

லித்தியத்தின் உள்ளே இருப்பது 3.7 வோல்ட். அதை ஒரு சின்ன மின்சுற்று 1.5-ஆகக் குறைத்துத் தருகிறது. அந்தச் சுற்றின் இரைச்சல் சில ரேடியோக்களில் கேட்கும், ஈசூன் தம்பியின் அப்பாவுக்கு அது வேண்டாம். தீரும்போதும் சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று நின்றுவிடும். முக்கியமாக, அதை நிக்கல் சார்ஜரில் வைக்கவே கூடாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே உருவம். ஒரே டப்பாவில் போட்டு வைக்கிற வீட்டில், அவசரத்தில் யாரோ ஒருவர் மாற்றி வைத்துவிடுவார். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டையும் கலந்து வைக்காதீர்கள் என்பேன்.

காற்றாடி | ஞாயிறு, மதியம் 3:05

கலந்து வைக்கக் கூடாது என்பது சரிதான். என் வீட்டில் நிக்கலே இல்லை, அதனால் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தரமில்லாத நிக்கலைப் போட்டால் படமே வராத கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு லித்தியத்தை விட மாட்டேன்.

தேக்கா_அக்கா | ஞாயிறு, இரவு 7:20

நீங்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் சுருதிப் பெட்டியை இரண்டு வருடம் பீரோவில் வைத்துவிட்டு, போன நவராத்திரிக்கு எடுத்தேன். மூடியைத் திறந்தால் பேட்டரி இருந்த இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சுருள்கம்பி பச்சையாகி இற்றுப்போயிருந்தது. திருமணமான புதிதில் சென்னையிலிருந்து கொண்டுவந்த பெட்டி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

பற்றாசு | ஞாயிறு, இரவு 7:45

அக்கா, அது அல்கலைன் கசிந்தது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து காற்றுப் பட்டு அப்படிப் பூக்கும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தோய்த்து அந்த வெள்ளையின் மேல் வையுங்கள், சின்னதாக நுரைத்து அடங்கும். பிறகு லேசாக நனைத்த துணியால் துடைத்து ஒரு நாள் காய விடுங்கள். சுருள்கம்பி இற்றிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சிம் லிம் டவரில் உதிரி பாகம் விற்கும் கடைகளில் அதே மாதிரி சில்லறையாகக் கிடைக்கும். நான் பற்றவைத்துத் தருகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள்.

இதற்காகவே ரிமோட்டிலும் நான் நிக்கல்தான் போடுகிறேன். அது கசிவது மிக அபூர்வம்.

காற்றாடி | ஞாயிறு, இரவு 8:10

ரிமோட்டுக்கு ரீசார்ஜா? அது ஒரு வருடம் ஓடும், அதற்குள் நிக்கல் தானாகவே காலியாகிவிடுமே.

பற்றாசு | ஞாயிறு, இரவு 8:40

பழைய நிக்கல் ஆகும், சும்மா வைத்திருந்தாலே மாதத்தில் கால் பங்கு வரை போய்விடும். 2005-இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற, சும்மா இருக்கும்போது அவ்வளவாகக் காலியாகாத நிக்கல் பேட்டரியைக் கொண்டுவந்ததும் அந்தக் கவலை போயிற்று. இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. சாதாரண எனலூப் 2000 எம்ஏஎச், 2100 தடவை ஏற்றலாம், பத்து வருடம் வைத்தாலும் 70 விழுக்காடு இருக்கும் என்கிறார்கள். அந்தக் கணக்கு 20 பாகை வெப்பத்துக்கு. நம் ஊர் அலமாரியில் அவ்வளவு நிற்காது, இருந்தாலும் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. கறுப்பு நிற எனலூப் ப்ரோ 2500 வரும், ஆனால் 500 தடவைதான். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பது இதற்காகத்தான். தினமும் ஏற்றி இறக்கும் விளையாட்டுச் சாமானுக்குச் சாதாரணமானதே நீடிக்கும்.

சுவர்க்கடிகாரத்துக்கு மட்டும் காற்றாடி சொல்வது சரி, அதற்கு எதையும் ரீசார்ஜ் செய்ய வேண்டாம்.

புதுவீடு_பொங்கோல் | திங்கள், காலை 7:50

கதவின் டிஜிட்டல் பூட்டுக்குப் போடலாமா? எட்டு பேட்டரி தின்கிறது.

பற்றாசு | திங்கள், காலை 8:30

வேண்டாம். பூட்டு எப்போது எச்சரிக்க வேண்டும் என்பதை அல்கலைன் மெல்ல இறங்கும் கணக்கை வைத்து அமைத்திருக்கிறார்கள். நிக்கல் கடைசிவரை சமமாக நின்று திடீரென விழும். எச்சரிக்கை மணி அடித்த அன்றே வெளியே நிற்க வேண்டி வரலாம். கையேட்டில் அல்கலைன் என்று போட்டிருந்தால் அதையே போட்டு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஜூரோங்_அப்பா | திங்கள், காலை 9:15

எனக்கு நடந்திருக்கிறது. இரவு பதினொன்றரைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். பூட்டின் அடியில் இரண்டு உலோகப் புள்ளி இருக்கும், 9 வோல்ட் பேட்டரியை அதில் வைத்துப் பிடித்தால் உயிர் வரும். புளோக்கின் கீழ் மாமாக்கடை திறந்திருந்தது, தப்பித்தோம். அன்றிலிருந்து ஒரு 9 வோல்ட் பேட்டரி என் கார் பெட்டியிலேயே கிடக்கிறது.

புதுவீடு_பொங்கோல் | திங்கள், காலை 9:30

நன்றி, நானும் ஒன்று வாங்கி வைக்கிறேன். இன்னொன்று: ஊரில் அண்ணன் நல்ல சார்ஜர் ஒன்று கொடுத்தார், உருண்டைக் கம்பி பிளக். சுவரில் பிளக் சொருகும் இடத்தின் மேல் ஓட்டையில் குச்சியை விட்டுத் திறந்து சொருகிக்கொள்கிறேன்.

பற்றாசு | திங்கள், காலை 9:50

தயவு செய்து இன்றே நிறுத்துங்கள். இந்தியாவிலும் இங்கே சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான், சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உருண்டைக் கம்பி நம் சதுரத் துளையில் இறுக்கமாக உட்காராது. ஆடும் இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். அந்தத் துளைக்குள் மூடி வைத்திருப்பதே பிள்ளைகள் எதையும் நுழைக்கக் கூடாது என்றுதான். இங்கே விற்கும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பியில் ஓடும் சார்ஜர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, கைப்பேசியின் அடாப்டரே போதும்.

சார்ஜரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். மேற்கு வெயில் விழும் சன்னலோரத்திலோ, டிவிக்குக் கீழே மூடிய அலமாரியிலோ வேண்டாம். இங்கே பகலில் 31, 32 பாகை, அதற்கு மேல் சார்ஜரின் சூடும் சேரும். காற்றாடும் மேசை, கண் பார்வையில்.

தேக்கா_அக்கா | திங்கள், மதியம் 12:30

பிள்ளைகள் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்கிறேன். தீபாவளிக்கு வாங்கும் மின்விளக்கு அகல்களில் பொத்தான் மாதிரி பேட்டரி இருக்கும். என் பேத்தி ஒன்றைத் திறந்து கையில் வைத்திருந்தாள், வாயில் போடும் முன் பிடுங்கிவிட்டேன். அன்றைய நடுக்கம் இன்னும் போகவில்லை. அதற்கு ரீசார்ஜ் உண்டா?

பற்றாசு | திங்கள், மதியம் 1:15

நல்லவேளை அக்கா. லித்தியப் பொத்தான் தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆம்புலன்சுக்கு 995 அழைக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. திருகாணி போட்டு மூடிய விளக்கை மட்டும் வாங்குங்கள்.

ரீசார்ஜ் பொத்தான் உண்டு, ஆனால் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் கொடுக்கும். உங்கள் விளக்கு கேட்பது 3 வோல்ட். கருகிவிடும், வேண்டாம்.

ஈசூன்காரன் | திங்கள், இரவு 9:10

இவ்வளவு பேர் நேரம் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. அண்ணே, ஒரு சந்தேகம். அம்மாவின் கருவியின் கையேட்டைத் தேடி எடுத்தேன். அல்கலைன் மட்டும் போடவும் என்று இருக்கிறது. அப்போது புதிதாக வாங்குவதையும் அதில் போடக் கூடாதா?

பற்றாசு | திங்கள், இரவு 9:30

போட வேண்டாம். உடம்பு சம்பந்தப்பட்ட கருவியில் கையேடு சொல்வதை மீற நான் சொல்ல மாட்டேன். கருவியின் பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை இருக்கிறதா, பாருங்கள். அதே நிறுவனத்தின் அடாப்டர் தனியாகக் கிடைக்கும். அம்மா எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதானே அளக்கிறார்?

அப்புறம், புதன் மாலை ஈசூன் எம்ஆர்டி பக்கம் வருகிறேன். அந்த எட்டையும் கொண்டுவாருங்கள், கொள்ளளவு அளக்கும் சார்ஜர் என்னிடம் இருக்கிறது.

ஈசூன்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:20

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பற்றாசு அண்ணன் அளந்து கொடுத்தார். 3800 என்று போட்ட எட்டில் அதிகம் கொடுத்தது 720 எம்ஏஎச், குறைவு 410. இரண்டு சார்ஜே ஏற்கவில்லை. எட்டையும் அந்தச் சார்ஜரையும் கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன். 2021 ஜூலையிலிருந்து தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் திட்டத்தில் இந்தப் பெட்டிகள் இருக்கின்றன. இத்தனை நாள் குப்பைக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தேன். அதெல்லாம் எரிந்து, சாம்பலாகி, குப்பைச் சாம்பல் கொட்டும் செமக்காவ் தீவுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாலு தனி விளக்கு உள்ள சார்ஜர் ஒன்று, சாதாரண எனலூப் டபுள் ஏ எட்டு, டிரிபிள் ஏ நாலு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் அழியாத பேனாவால் எண் போட்டுவிட்டேன். 1 முதல் 4 வரை விளையாட்டுச் சாமான், 5 முதல் 8 வரை ரேடியோவும் கைவிளக்கும். ஒரு கூட்டத்தில் இருப்பது இன்னொரு கூட்டத்துக்குப் போகாது. மூன்று வாரத்தில் விளையாட்டுச் சாமானுக்கு நாலு தடவை ஏற்றினோம். முடிந்ததும் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான். அப்பாவின் ரேடியோ முதலில் போட்டதிலேயே ஓடுகிறது.

கருவிக்கு அடாப்டர் வாங்கி, சாமி அலமாரிக்குப் பக்கத்து மேசையில் நிரந்தரமாகச் சொருகி வைத்துவிட்டேன். அம்மா காலையில் விளக்கேற்றியதும் அங்கேயே உட்கார்ந்து அளந்து எழுதுகிறார். நோட்டில் மூன்று வாரமாக ஒரு நாளும் விடுபடவில்லை.

பற்றாசு | ஞாயிறு, காலை 11:05

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வாங்கிய தேதியையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தேக்கா அக்கா, உங்கள் சுருள்கம்பி வந்துவிட்டது. சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுவாருங்கள்.